கூண்டுக்கு வெளியே ஒரு பகல்: காப்பக நாய்களும் ஊர்மக்களும்

நாய் காப்பகத்துக்கு ஒருவர் வருகிறார். இருபுறமும் கூண்டுகள், நடுவே சிமெண்ட் நடை. காலடிச் சத்தம் கேட்டதும் முதல் கூண்டில் குரைப்பு எழுகிறது. அது அடுத்த கூண்டுக்குத் தாவி, வரிசை முழுக்கப் பரவுகிறது. ஒரு நாய் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி எம்பி எம்பிக் குதிக்கிறது. இன்னொன்று நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. மூன்றாவது நாய் பின்சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறது. வந்தவர் ஒவ்வொரு கூண்டின் முன்னும் சில விநாடிகள் நின்றுவிட்டு நகர்கிறார். ‘இது முரடு’, ‘இது மந்தம்’, ‘இது யாரிடமும் ஒட்டாது’ என்று அவர் மனத்தில் தீர்ப்பு எழுதியாயிற்று.

அந்தத் தீர்ப்பு நாயின் நாட்களைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அலெக்சாண்ட்ரா புரோட்டோபோபோவாவும் கிளைவ் வின்னும் மற்றிருவரும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கூண்டின் சுவரில் உரசியும் சாய்ந்தும் நிற்கும் நாய்கள், முன்பக்கம் பார்க்காமல் திரும்பியிருக்கும் நாய்கள் ஆகியவை மற்றவற்றைவிட அதிக நாட்கள் காப்பகத்திலேயே தங்கின. சுவரில் உரசும் பழக்கம் மட்டும் ஏறக்குறைய ஒரு மாதத்தைக் கூட்டியது. புரோட்டோபோபோவாவும் வின்னும் அதே ஆண்டு இன்னோர் ஆய்வையும் வெளியிட்டார்கள். கூண்டைவிட்டு வெளியே கொண்டுவந்து, தத்தெடுக்க வந்தவரோடு நாயைப் பழகவிட்டபோது அந்தச் சந்திப்பு சராசரியாக எட்டு நிமிடம்தான் நீடித்தது. நாயின் எத்தனையோ செய்கைகளைக் குறித்துவைத்ததில் இரண்டுதான் முடிவைத் தீர்மானித்தன: விளையாடக் கூப்பிட்டால் வருகிறதா, வந்தவருக்குப் பக்கத்தில் படுக்கிறதா. எட்டு நிமிடப் பெண் பார்க்கும் சடங்கில் ஒரு வாழ்க்கை முடிவாவதைப் போன்றதுதான் இது.

கூண்டுக்குள் நாம் பார்ப்பது அந்த நாயின் இயல்பைத்தானா? மைக்கேல் ஹென்னெசியும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மாவட்டக் காப்பகத்து நாய்களின் இரத்தத்தைச் சோதித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்து சேர்ந்த முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பு, வீட்டில் வளரும் நாய்களுக்கு இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் இரும்பு வலையும் எழும் குரைப்பையெல்லாம் திருப்பி எறிகின்றன. காப்பகங்களில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். மனிதரைவிடக் கூர்மையான காது அந்த இரைச்சலுக்குள்ளேயே உண்டு, உறங்கி, அந்நியரை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் பார்த்து ஒரு நாயின் குணத்தை எழுதி ஒட்டுவது அநியாயம். கேரி பேட்ரனெக், ஜேனிஸ் பிராட்லி இருவரும் 2016இல் எழுதிய கட்டுரை, காப்பகங்களில் முறைப்படி நடத்தப்படும் குணச் சோதனைகளையே கேள்விக்குள்ளாக்கியது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட அவை மேலானவை அல்ல என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு.

இந்த இடத்தில்தான் ‘வெளியே அழைத்துச் செல்வோம்’ என்ற யோசனை வருகிறது. காப்பகத்து நாயை ஊர்க்காரர் ஒருவர் சில மணி நேரத்துக்குப் பொறுப்பேற்று, பூங்காவுக்கோ கடற்கரைக்கோ நண்பர் வீட்டுக்கோ கூட்டிப் போய்விட்டு மாலையில் திருப்பி ஒப்படைப்பார். அமெரிக்காவில் இதை ‘நாயின் உலா நாள்’ என்று பொருள்படும் பல பெயர்களில் நடத்துகிறார்கள். டாலஸ் நகராட்சிக் காப்பகம் முதல் சிற்றூர்க் காப்பகங்கள் வரை இந்த ஏற்பாடு பரவியிருக்கிறது. யூட்டா மாநிலத்தின் கனாப் அருகே உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்தில், தங்கவரும் விருந்தினர் இரவுக்கு ஒரு நாயை அறைக்கு அழைத்துப் போகலாம். கரீபியக் கடலின் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில், ‘பாட்கேக்’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் தெருநாய்க் குட்டிகளைச் சுற்றுலாப் பயணிகள் கடற்கரையில் நடத்திச் செல்கிறார்கள்.

ஹவாயின் கவாய் தீவில் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். சிறிய தீவு, உள்ளூரில் வீடு கிடைக்கும் நாய்களுக்கு ஓர் எல்லை உண்டு. அதே தீவுக்கு ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அங்குள்ள காப்பகமான கவாய் ஹ்யூமேன் சொசைட்டி இந்த இரண்டையும் இணைத்தது. பயணி வந்து ஒரு நாயைப் பொறுப்பேற்கிறார். கழுத்துப்பட்டையும் கயிறும் தின்பண்டமும் மலம் அள்ளும் பையும் கொடுக்கிறார்கள். நாயின் முதுகில் ‘என்னைத் தத்தெடுங்கள்’ என்று எழுதிய மேலங்கியை மாட்டுகிறார்கள். பிறகு அந்த நாய் அருவிக்குப் போகிறது, மணலில் ஓடுகிறது, கடைவாசலில் மேசைக்கடியில் படுக்கிறது. பார்ப்பவர்கள் நின்று விசாரிக்கிறார்கள். சில நாய்கள் தம்மை அழைத்துப் போனவரோடேயே விமானம் ஏறி அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய்விடுகின்றன. உள்ளூர்க் காப்பகத்தின் வாசலை மிதிக்கவே மிதிக்காத ஆயிரம் பேர் முன்னால் அந்த நாய் ஒரே பகலில் நடமாடிவிடுகிறது. கூண்டின் முன் ‘மந்தம்’ என்று முத்திரை விழுந்த நாயை, நிழலில் நாக்கைத் தொங்கவிட்டு அமைதியாகப் படுத்திருக்கும் நாயாக அவர்கள் பார்க்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதனால் நாய்க்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து துருவியவர் லிசா கன்டர். அவரும் கிளைவ் வின், எரிக்கா ஃபியூர்பாக்கர் முதலானோரும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலத்தில் வெளியிட்ட ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

முதல் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீட்டில் தங்கவைத்தார்கள். சிறுநீரில் அளந்த கார்ட்டிசோல், வீட்டில் இருந்தபோது இறங்கியது. நாய்கள் இடையறாமல் நீண்ட நேரம் உறங்கின. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு மறுபடி ஏறியது. ஆனால் போவதற்கு முன்பிருந்த அளவில் நின்றுகொண்டது. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. ‘ஒரு நாள் சொர்க்கத்தைக் காட்டிவிட்டு மறுநாள் கூண்டில் அடைப்பது கொடுமை இல்லையா?’ என்று இரக்கமுள்ள எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படிக் கூடுதல் துன்பம் நேர்ந்ததற்கான அடையாளம் அந்த அளவுகளில் தெரியவில்லை. கடும் பணிக்கு நடுவே கிடைத்த வாரவிடுப்புபோல அது இருந்திருக்கும்.

இரண்டாவது ஆய்வு 2021இல் வந்தது. இந்த முறை இரவுத் தங்கல் இல்லை. பகலில் இரண்டு மூன்று மணி நேர உலா மட்டும். நான்கு காப்பகங்கள், 164 நாய்கள். கார்ட்டிசோல் இறங்கும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். அது ஏறியது. வெளியே போன நாளில் நாய்களின் நடமாட்டமும் கூடியது, அழுத்தச் சுரப்பும் கூடியது. அறியாத மனிதர், அறியாத வண்டி, அறியாத தெரு, அறியாத வாசனைகள், எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். கார்ட்டிசோல் மகிழ்ச்சியான பரபரப்பிலும் ஏறும் என்பதால் இதைத் துன்பம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனாலும், இளைப்பாறல் தருகிறது என்ற நம்பிக்கையில் பகல் உலாவை நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. இளைப்பாறல் வேண்டுமென்றால் நாய்க்கு இரவும் உறக்கமும் வேண்டும்.

அப்படியானால் பகல் உலாவைக் கைவிட்டுவிடலாமா? 2023இல் வந்த மூன்றாவது ஆய்வு வேண்டாம் என்கிறது. 51 காப்பகங்களில் உலாவோ தற்காலிக வீட்டுத் தங்கலோ பெற்ற 1,955 நாய்களை, அதே காப்பகங்களில் இவை எதையும் பெறாத ஏறக்குறைய 26,000 நாய்களோடு ஒப்பிட்டார்கள். பகல் உலா போன நாய்களுக்குத் தத்தெடுக்கப்படும் வாய்ப்பு 5 மடங்கு. வீட்டில் சில நாள் தங்கிய நாய்களுக்கு 14.3 மடங்கு.

உடலின் அழுத்தத்தைக் குறைக்காத ஒரு செயல் வீடு கிடைக்கும் வாய்ப்பை எப்படி இத்தனை மடங்கு உயர்த்துகிறது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது என்பது என் கருத்து. உலாவில் நாயின் உடலைவிட அதிகமாக மாறுவது அதைப் பார்க்கும் ஊரின் கண். அந்தப் பகல் முழுவதும் ஒருவர் அதை மனிதரிடையே வைத்துப் பார்க்கிறார். காரில் வாந்தி எடுத்ததா, குழந்தையைக் கண்டு ஒதுங்கியதா, பூனையைத் துரத்தியதா என்று தெரிந்துகொண்டு வந்து சொல்கிறார். கூண்டின் கம்பி இல்லாத படம் ஒன்று கிடைக்கிறது. அதை வாட்ஸ்ஆப்பில் தன் அண்ணிக்கும் அலுவலக நண்பருக்கும் அனுப்புகிறார். ‘இவன் பேர் என்ன?’ என்று அங்கிருந்து பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

2023 ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியும் இதையே உறுதிப்படுத்துகிறது. காப்பகத்தில் பழகித் தேர்ந்த தன்னார்வலர்கள் அழைத்துப் போன இடங்களைவிட, ஊரின் சாதாரண மக்கள் அதிகம் பங்கெடுத்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. தன்னார்வலருக்கு நாயைக் கையாளத் தெரியும். ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் இருக்கும். அவருக்குத் தெரிந்தவர்களும் அதே வட்டத்தினர், அவர்களின் வீடுகளும் நிறைந்திருக்கும். கொரோனாக் காலத்தில் நடந்ததும் இதற்குச் சான்று. 2020இல் அமெரிக்கக் காப்பகங்கள் கதவடைக்கும் நிலை வந்தபோது, முன்பின் தெரியாத மக்களிடம் நாய்களை அவசரமாக ஒப்படைத்தார்கள். கன்டர் குழு அதை ஆராய்ந்தபோது, காப்பகத்தோடு அதுவரை எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், தொடர்புள்ளவர்களைவிடத் தாம் பார்த்துக்கொண்ட நாயைத் தாமே தத்தெடுக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது தெரிந்தது. காப்பக நிர்வாகிகள் எந்த அந்நியரைப் பார்த்துத் தயங்குகிறார்களோ, அவர்தான் நாய்க்குத் தேவையானவர்.

2014இல் வந்த வேறோர் ஆய்வும் இங்கே சேரும். காப்பக நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களே அதை ஊருக்குள் அழைத்துப் போய், தாமே குடும்பம் பார்த்து ஒப்படைக்கும் திட்டத்தை ஹீதர் மோகன்-கிப்பன்ஸ் குழுவினர் அமெரிக்காவின் இரண்டு ஊர்களில் சோதித்தார்கள். தத்தெடுத்தவர்கள் காப்பகத்துக்கு வழக்கமாக வருவோரின் பகுதிகளுக்கு வெளியேயிருந்து வந்தார்கள். நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களும் குறைவு.

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. எந்த நாயை வெளியே அனுப்புவது என்பதைக் காப்பகங்களே முடிவுசெய்தன. சீட்டுக் குலுக்கி எடுக்கவில்லை. சாதுவான நாய்களையே அனுப்பியிருக்கலாம், அவை எப்படியும் வீடு கண்டிருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் உலா போன நாய்கள், உலா போவதற்கு முன்பே மற்றவற்றைவிட அதிக நாட்கள் காப்பகத்தில் தேங்கியிருந்தவை. யாரும் விரும்பாமல் ஒதுங்கிக் கிடந்தவைதான் வெளியே அனுப்பப்பட்டிருக்கின்றன. ஆகவே ‘நல்ல நாயாகப் பார்த்து அனுப்பினார்கள்’ என்ற வாதம் முழுதாக நிற்பதில்லை. வசதி அதிகமுள்ள காப்பகங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கயிறு வாங்கவே திணறும் இடத்தில் 5 மடங்கை எதிர்பார்ப்பது சரியல்ல.

ஆபத்துகள் உண்டு, அவை கற்பனை அல்ல. புதிய ஆளின் கையிலிருந்து நாய் நழுவி ஓடுவது முதலாவது. அதனால்தான் தேர்ந்த காப்பகங்கள் கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப்பட்டையில் ஒன்று என இரண்டு கயிறு பூட்டுகின்றன. பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும், மார்புப்பட்டை பிடித்துக்கொள்ளும். நாய்கள் அவிழ்த்துவிடப்படும் பூங்காவுக்குப் போகக் கூடாது, காரில் தனியே விட்டுப் போகக் கூடாது, வேறு நாய்களோடு மூக்கோடு மூக்கு வைக்க விடக் கூடாது என்பவை அடிப்படை விதிகள். பார்வோ, கூண்டு இருமல் போன்ற தொற்றுகள் காப்பகத்திலிருந்து வீட்டு நாய்க்கும், வெளியிலிருந்து காப்பகத்துக்கும் போகும். தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே அனுப்பவே கூடாது.

புறப்படும் முதல் பத்து நிமிடம் எப்படிப் போகிறது என்பது பெரிய விஷயம். வாசலைத் தாண்டியதும் நாய் கயிற்றை இறுக்கிக்கொண்டு முன்னே பாயும். அதற்குச் சேருமிடம் எதுவும் இல்லை, கூண்டிலிருந்து விலகினால் போதும். அப்போது இழுக்காமல், பேசாமல், ஒரு மரத்தடியில் நின்றுவிட வேண்டும். முகரட்டும். மரத்தை, புல்லை, நின்றுபோன வண்டிச் சக்கரத்தை, உங்கள் செருப்பை. கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்யும், வால் இறங்கி இயல்புக்கு வரும், உடலை ஒருமுறை உதறிக்கொள்ளும். அந்த உதறலுக்குப் பிறகுதான் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். நேரே கூட்டத்துக்குள் இழுத்துப் போகிறவர் இந்தத் தருணத்தைத் தவறவிடுகிறார். 2021 ஆய்வில் ஏறிய கார்ட்டிசோலை நினைத்துப் பார்த்தால், உலாவின் அளவையும் இடத்தையும் குறைப்பது நாய்க்குச் செய்யும் மரியாதை. மூன்று இடங்களுக்குப் போவதைவிட ஒரே இடத்தில் அமர்வது மேல்.

இவையெல்லாம் அமெரிக்கக் கதை. நமக்கென்ன என்று கேட்கலாம். 2025க்குப் பிறகு அப்படிக் கேட்க முடியாது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் இங்கே நெறி. அதற்கான முயற்சியைச் சென்னையில் ப்ளூ கிராஸ் 1964இலேயே தொடங்கியது. 2023இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களுக்கு அனுப்பவும், அதே இடத்தில் மறுபடி விடாதிருக்கவும் உத்தரவிட்டது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் சுமார் 1.53 கோடி. அவற்றில் ஒரு சிறு பங்கு உள்ளே வந்தாலும், காப்பகங்கள் நிரம்பி வழியும். வெளியே போகும் வழி தத்தெடுப்பு ஒன்றுதான். ஆகஸ்ட் 22 ஆணை அந்த வழியையும் திறந்துவைத்திருக்கிறது: விருப்பமுள்ளவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

நம் ஊர்களில் தத்தெடுப்பு முகாம்கள் நடக்காமல் இல்லை. ஷாமியானா போட்டு, மேசை போட்டு, கம்பிக்கூண்டுகளில் குட்டிகளை வைப்பார்கள். குட்டிகள் போய்விடும், வளர்ந்த நாய்கள் மாலையில் அதே வண்டியில் திரும்பும். முகாம் என்பது காப்பகக் கூண்டையே தெருவுக்குக் கொண்டுவருவது. சத்தம் அதே, நெரிசல் அதே, பார்வையாளர் நிற்கும் விநாடிகளும் அதே. உலா அப்படியல்ல, ஒரு நாய், ஒரு ஆள், ஒரு பகல்.

ஆனால் கவாயை அப்படியே பெயர்த்து இங்கே நடவும் முடியாது. நம் தெருக்களில் ஒவ்வொரு முனையும் ஒரு நாய்க்கூட்டத்தின் எல்லை. கயிற்றில் வரும் அந்நிய நாயை அவை சும்மா விடாது. கயிற்றில் இருக்கும் நாயால் ஓடவும் முடியாது. கடற்கரை என்றாலும் இதே நிலைதான். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை உள்ளங்காலைப் பொசுக்கும். விடியற்காலையோ பொழுது சாய்ந்த பிறகோதான் நடத்த முடியும். வெறிநோய் அச்சம் நியாயமாகவே நிலவும் நாட்டில், தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை மக்களிடையே அழைத்துப் போவது அந்த நாய்க்கும் ஊருக்கும் செய்யும் துரோகம். வாடகை வீட்டுக்காரரும் குடியிருப்புச் சங்கமும் முகம் சுளிப்பார்கள். இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, நமக்குப் பொருந்துவது தெரு உலாவைவிட வீட்டுத் தங்கல்தான் என்று தோன்றுகிறது. சுற்றுச்சுவர் உள்ள தனிவீடு, மொட்டைமாடி, வார இறுதியில் அமைதியாக இருக்கும் அலுவலகம், நண்பர்கள் கூடும் ஒரு கூடம் ஆகியவை போதும். 14.3 மடங்கு என்ற எண்ணும், உறக்கம் பற்றிய 2019 ஆய்வும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

இன்னொரு தடை நம் மனத்தில் இருக்கிறது. நாய் வளர்க்க நினைக்கும் குடும்பம் லாப்ரடாருக்கும் பக்குக்கும் பல ஆயிரம் கொடுக்கிறது. காப்பகத்து நாட்டு நாயை இலவசமாகக் கொடுத்தாலும் ‘தெருநாய்தானே’ என்று ஒதுக்குகிறது. இந்தப் பேச்சைப் பிரசுரம் அச்சடித்து மாற்ற முடியாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு செவலை நாய் இரண்டு நாள் படுத்திருந்து, பால்காரரைப் பார்த்து வாலாட்டி, குழந்தை கொடுத்த பிஸ்கட்டைக் கையில் பல் படாமல் மெதுவாக வாங்கிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தால் மாறும். உலாவின் பலன் அந்த ஒரு நாயோடு நிற்பதில்லை. அதைப் போன்ற நிறமும் உருவமும் உள்ள எல்லா நாய்களையும் ஊர் கொஞ்சம் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்குகிறது.

காப்பகம் நடத்துவோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, வளர்ந்த நாய்களில் அதிக நாள் தேங்கிய சிலவற்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அடையாளச் சான்றும் ஒரு சிறு பயிற்சியும் மட்டும் கேட்டு, வார இறுதிக்கு ஊர்க்காரரிடம் கொடுக்கட்டும். திரும்பி வந்ததும் அவர் சொல்வதை எழுதிவைத்து, அவர் எடுத்த படத்தோடு வெளியிடட்டும். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும், வெளியாரை நம்ப முடியாது என்ற பழைய எண்ணத்தை விட்டால் போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தத்தெடுக்கும் வசதி உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அதற்காகக் காப்பகத்தின் பக்கம் போகாமல் இருக்க வேண்டாம். அங்கே மிக அதிக நாள் இருக்கும் பெரிய நாய் எது என்று கேளுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு அதை உங்கள் வீட்டில் தூங்கவிட அனுமதி கேளுங்கள். மறுநாள் காலை அதன் படத்தை உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்.